ஜம்போ பைக்கு எந்தக் கோடு? ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி ஏற்றுமதியாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரே ஜம்போ பைதான். ஆனால் அதன் கோடு, அதாவது சுங்க அட்டவணையில் சரக்கை வகைப்படுத்தும் எண், ஆளுக்கு ஆள் மாறுகிறது. துணி விற்றவர் 5407 என்று பில் போடுகிறார். பை தைத்துக் கொடுத்தவர் 3923 என்கிறார். ஷிப்பிங் பில்லில் (ஏற்றுமதிக்காகச் சுங்கத்தில் போடும் ஆவணம்) நம் சுங்க ஏஜென்ட் 6305 என்று எழுதுகிறார். கடைசியில் வாங்குபவரிடமிருந்து மெயில் வருகிறது: எங்கள் புரோக்கர் வேறு கோடு சொல்கிறார், எது சரி? வேடிக்கை என்னவென்றால், நான்கு பேரில் ஒருவர்கூடத் தவறாகச் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. துணிக்கு ஒரு கோடு, பைக்கு ஒரு கோடு. பூச்சு மாறினால் கோடும் மாறும். உள்ளூர் ஜிஎஸ்டி பழக்கம் ஒரு பக்கம், உலகச் சுங்கப் பழக்கம் இன்னொரு பக்கம்.

எஃப்.ஐ.பி.சி. என்றும் பிக் பேக் என்றும் சொல்லப்படும் இந்தப் பெரிய பிளாஸ்டிக் நெசவுப் பைகளுக்கு, கையில் இருக்கும் பையைப் பார்த்தே கோடு முடிவு செய்வது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. போன வருஷத்து ஷிப்பிங் பில்லைப் பார்த்து அப்படியே நகல் எடுக்கும் பழக்கம் நம் பக்கம் நிறைய உண்டு. "போன தடவையும் இதே கோடுதான் அண்ணே, பிரச்சினை வரல" என்பார்கள். போன தடவை பை ஒரு பக்கம் மட்டும் பூச்சு போட்டதாக இருந்திருக்கும். இந்தத் தடவை வாங்குபவர் இரண்டு பக்கமும் கேட்டிருப்பார். கோடு மாறிவிட்டது, அது யார் கண்ணிலும் படவில்லை.

தொடங்கும் முன்: விற்பது பையா, பைக்குள் இருப்பதா?

தருமபுரிப் பக்கத்துக் கிழங்கு மாவு ஆலை ஒன்று ஸ்டார்ச்சை ஜம்போ பையில் நிரப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே பைக்குத் தனிக் கோடே தேவையில்லை. சுங்க அட்டவணையின் பொது விளக்க விதி 5(ஆ) சொல்வது இதுதான்: ஒரு சரக்கை அடைக்க வழக்கமாகப் பயன்படும் பெட்டியோ பையோ அந்தச் சரக்கோடு சேர்ந்தே வந்தால், சரக்கின் கோட்டிலேயே அடங்கிவிடும். மரவள்ளி ஸ்டார்ச் 1108 14 என்றால் பையும் அதோடு போய்விடும். குவார்ட்ஸ் தூள், புளி எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

ஒரு விலக்கு உண்டு. திரும்பத் திரும்பப் பயன்படுத்தவே செய்யப்பட்டது என்று தெளிவாகத் தெரியும் பொதிகலனை இந்த விதி கட்டுப்படுத்தாது. காலிப் பை திரும்பி வந்து மறுபடி நிரம்பும் ஏற்பாடாக இருந்தால் அதைத் தனியாகக் காட்டச் சொல்லலாம். பல தடவை பயன்பாட்டுக்கான பைகளில் பாதுகாப்புக் காரணி 6:1 அல்லது 8:1 என்று இருக்கும். ஒரே தடவைக்கானதில் 5:1. லேபிளைப் பார்த்தாலே தெரியும்.

கிருஷ்ணகிரி மாம்பழக் கூழ்க்காரர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். கூழ் போவது டிரம்முக்குள் இருக்கும் அசெப்டிக் (கிருமி புகாத) பையில். அது பல அடுக்கு ஃபிலிம், நெசவே இல்லை. அதுவும் கூழோடு சேர்ந்தே போகிறது.

மீதி எல்லாம் காலிப் பையை விற்பவர்களுக்கும், வாங்குபவர்களுக்கும், இறக்குமதி செய்பவர்களுக்கும்.

முதல் படி: ஒரு டேப்பை உருவி அளந்து பாருங்கள்

பை எதனால் ஆனது என்று கேட்டால் எல்லோரும் பிபி (பாலிபுரோப்பிலீன்) என்பார்கள். கோட்டின் முதல் இரண்டு இலக்கம்தான் அத்தியாயம். பிளாஸ்டிக் அத்தியாயம் 39-ஆ, ஜவுளிப் பிரிவா என்பதை அந்தப் பதில் முடிவு செய்யாது. முடிவு செய்வது டேப்பின், அதாவது துணியை நெய்யப் பயன்படும் தட்டையான பிளாஸ்டிக் நாடாவின், அகலம்.

சுங்க அட்டவணையின் 11-ஆம் பிரிவு ஜவுளிக்கானது. அதன் முதல் குறிப்பு, தோற்ற அகலம் 5 மில்லிமீட்டருக்கு மேல் போன பிளாஸ்டிக் டேப்பை வெளியே தள்ளிவிடுகிறது. அந்த டேப் 39-ஆம் அத்தியாயத்துக்குப் போகும், அதை நெய்த துணியோ பின்னலோ 46-க்குப் போகும். 5 மி.மீ. அல்லது அதற்குக் கீழே இருந்தால் 5404-இல் வரும் ஜவுளிப் பொருள். அதை நெய்தால் 5407 20. அந்தத் துணியில் பை தைத்தால் 63-ஆம் அத்தியாயம். துணி விற்றவரின் 5407 எங்கிருந்து வந்தது என்பது இப்போது புரிந்திருக்கும்.

அளப்பது எளிது. பையின் ஓரத்தில் தையலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துணியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு துண்டை வெட்டுங்கள். பூச்சு இல்லாத துணி என்றால் ஓர ஊடை டேப் நகத்தாலேயே கழன்று வரும். அதை இரும்பு ஸ்கேல்மேல் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டரை, மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். கத்தரிக்கோலே வேண்டாம் என்றால் மெஷ் எண்ணலாம். அங்குலத்துக்குப் பத்து டேப் என்றால் ஒன்று சுமார் 2.5 மி.மீ. அங்குலத்துக்கு ஆறு டேப்புக்குக் கீழே இறங்கினால்தான் யோசிக்க வேண்டும்.

ஒரு நுணுக்கம். லூமில் டேப் சில சமயம் நெடுக்கில் மடிந்தே நெய்யப்படும். உருவி விரித்துப் பார்த்தால் ஆறு மி.மீ. வரும், துணிக்குள் மூன்று மி.மீ.தான் இருக்கும். எதை எடுப்பது? அட்டவணை கேட்பது தோற்ற அகலம். மடித்தோ, தட்டையாக்கியோ, அமுக்கியோ, முறுக்கியோ எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையில் தெரியும் அகலம். ஆகவே மூன்றுதான். விரித்து அளந்து வைத்துக்கொண்டு வாதாடப் போகாதீர்கள்.

டெனியரும் (டேப்பின் கனம்) ஜிஎஸ்எம்மும் (சதுர மீட்டர் துணியின் எடை கிராமில்) இந்தக் கேள்விக்குச் சம்பந்தம் இல்லாதவை. ஸ்பெக் ஷீட்டில் அவைதான் முதல் வரியில் இருக்கும். டேப் அகலம் பல சமயம் இருக்கவே இருக்காது. சப்ளையரிடம் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். பின்னால் பெரிய உதவியாக இருக்கும்.

இரண்டாம் படி: பூச்சு எத்தனை பக்கம்?

சண்டை எல்லாம் இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஸ்டார்ச், சிமென்ட், கனிமத் தூள் மாதிரி நைசான பொருள் நெசவு இடைவெளியில் கசியும். ஈரமும் உள்ளே போகும். அதனால் துணியின்மேல் மெல்லிய பிபி பூச்சு போடுகிறார்கள். நம் ஊர்ப் பேச்சில் லேமினேஷன் என்பார்கள். பூச்சு போட்ட ஜவுளிக்கு 59-ஆம் அத்தியாயத்தின் இரண்டாம் குறிப்பு வரம்பு போடுகிறது. அதை மூன்று நிலையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

பூச்சு கண்ணுக்கே தெரியவில்லை என்றால் அது பூச்சு இல்லாத துணியாகவே கருதப்படும். 5407-இலேயே நிற்கும்.

ஒரு பக்கம் மட்டும் பூச்சு, கண்ணுக்குத் தெரிகிறது என்றால் அது 5903. பிளாஸ்டிக் பூசிய ஜவுளி. பெயரில் பிளாஸ்டிக் இருந்தாலும் அது ஜவுளிதான். இதில் தைத்த பை 6305.

துணி முழுவதும் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக்கால் மூடப்பட்டு, அது வெறும் கண்ணுக்குத் தெரிகிறது, அல்லது துணி முழுக்கப் பிளாஸ்டிக்குக்குள் புதைந்திருக்கிறது என்றால் ஜவுளிப் பிரிவைவிட்டே வெளியேறிவிடும். அத்தியாயம் 39. அதில் தைத்த பிபி பை 3923 29.

"கண்ணுக்குத் தெரிகிறது" என்பதில் ஒரு நிபந்தனையும் ஒட்டியிருக்கிறது. பூச்சினால் நிறம் மாறியிருப்பதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. வெள்ளைத் துணி பூச்சுக்குப் பிறகு கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது என்பது போதாது. பூச்சே ஒரு தோலாகத் தெரிய வேண்டும்.

இதைக் கையாலேயே பார்க்கலாம். துணியை இரண்டு கைகளால் பிடித்து, கட்டைவிரல்களால் டேப்களை எதிரெதிர்த் திசையில் தள்ளுங்கள். பூச்சு இல்லாத துணியில் டேப்கள் நகர்ந்து இடைவெளி திறக்கும். பூச்சு உள்ளதில் நகராது. பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பூச்சு இல்லாவிட்டால் ஊடும் பாவும் சேரும் மூலைகளில் ஊசிமுனை வெளிச்சம் தெரியும். பிறகு ஒரு டேப்பை உருவப் பாருங்கள். ஒரு பக்கப் பூச்சு என்றால் டேப்போடு மெல்லிய தோல் கிழிந்து வரும். அந்தத் தோல் எந்தப் பக்கம் தொங்குகிறது என்று கவனியுங்கள். இரண்டு பக்கமும் பூச்சு என்றால் டேப் தனியாக வரவே மறுக்கும். இந்தத் துண்டையும் அதன் போட்டோவையும் ஆர்டர் ஃபைலில் வையுங்கள்.

பெரும்பாலான ஜம்போ பைகள் உள்பக்கம் மட்டும் பூசியவை. ஆகவே சாதாரண பை 6305-இல்தான் நிற்கும். தனியாகப் பார்க்க வேண்டியது பிவிசி பூசிய பாலியஸ்டர் ஸ்லிங் பைகளை. பல வருஷம் உழைக்கும் கனமான பைகள் அவை. பெரும்பாலும் இரண்டு பக்கமும் பூசியவை என்பதால் 39-க்குப் போய்விடும்.

பையைத் தூக்கும் லூப் பட்டைகளுக்குப் பூச்சு இல்லையே, அதனால் பை முழுவதும் மூடப்படவில்லையே என்று கேட்பவர்களும் உண்டு. அதற்கு நான்காம் படியில் வருவோம்.

மூன்றாம் படி: ஜம்போ பையா, வெறும் சாக்கா?

6305-க்குள் வந்தாகிவிட்டது. அதற்குள் எந்த வீடு?

சணல் என்றால் 6305 10, பருத்தி என்றால் 6305 20. செயற்கை இழையில் மூன்று உண்டு. 6305 32 ஜம்போ பைக்கு. 6305 33 பாலிஎத்திலீன் (பிஇ) அல்லது பாலிபுரோப்பிலீன் டேப்பில் ஆன மற்ற சாக்குகளுக்கு. 6305 39 மீதிக்கு. இந்தியாவில் எட்டு இலக்கமாக முதல் இரண்டும் 6305 32 00, 6305 33 00 என்று ஆகின்றன.

எவ்வளவு பெரியதாக இருந்தால் ஜம்போ? உலகச் சுங்க அமைப்பின் விளக்கக் குறிப்பு இதற்கு வரையறை தருகிறது. வழக்கமாக பாலிபுரோப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன் நெசவுத் துணியில் செய்தவை. கொள்ளளவு பொதுவாக 250 கிலோ முதல் 3000 கிலோ வரை. மேலே நான்கு மூலையிலும் தூக்குப் பட்டை இருக்கலாம். நிரப்பவும் இறக்கவும் மேலும் கீழும் வாய் இருக்கலாம். உலர்ந்த, தானாக ஓடிக் கொட்டும் பொருளுக்கானவை. 'பொதுவாக', 'இருக்கலாம்' என்ற சொற்களைக் கவனியுங்கள். நான்கு லூப் இல்லை, இரண்டுதான் என்பதற்காக ஜம்போ பை வெறும் சாக்காகிவிடாது. 50 கிலோ உரச் சாக்கு பக்கவாட்டில் கைப்பிடி வைத்திருக்கிறது என்பதற்காக ஜம்போவும் ஆகாது.

நடைமுறையில் இதற்குச் சாட்சி பையில் தைத்திருக்கும் லேபிள்தான். பாதுகாப்பான சுமை 1000 கிலோ, பாதுகாப்புக் காரணி 5:1 என்று அச்சிட்டு, ஐஎஸ்ஓ 21898 தரப்படி சோதித்தது என்றும் இருந்தால் 6305 32-ஐப் பற்றி யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். லேபிள் இல்லாமல் போகும் பைகளில்தான் விவாதம் கிளம்பும்.

இன்னொன்று. 6305 33-க்கு பிஇ, பிபி டேப் என்ற நிபந்தனை உண்டு. 6305 32-க்கு அது இல்லை. பாலியஸ்டர் நூலில் நெய்த ஜம்போ பையும் 6305 32-தான். காற்றோட்டத்துக்காகப் பின்னல் துணியில் செய்யும் வெங்காய ஜம்போவும் அங்கேதான். ஐரோப்பிய யூனியன் பின்னலையும் நெசவையும் எட்டாவது இலக்கத்தில் பிரிக்கிறது. வரியும் மாறும், அதைக் கீழே பார்க்கலாம்.

நான்காம் படி: லைனர், லூப், கரி நூல்

உள்ளே பாலிஎத்திலீன் லைனர் (உள் உறை) தைத்திருந்தால் பை மாறிவிடுமா? மாறாது. பொது விளக்க விதி 3(ஆ) கேட்பது எந்தப் பாகம் பொருளுக்கு அடிப்படைத் தன்மை தருகிறது என்பதை. ஒரு டன் சுமையைத் தாங்குவது வெளி நெசவு. லைனர் ஈரத்தைத் தடுக்கும் துணைப் பாகம்தான். மேலே கேட்ட லூப் கேள்விக்கும் இதே விடை. பூசாத பட்டைகள் பையின் அடிப்படைத் தன்மையை மாற்றாது. உடல் துணி என்ன என்பதுதான் கேள்வி.

தனியாக விற்றால் வேறு. லைனர் மட்டும் அனுப்பினால் 3923 21. லூப் பட்டை ரோலாகப் போனால் குறுகிய நெசவு, 5806. துணி ரோலாகவே போனால் 5407 20, ஒரு பக்கம் பூசியது என்றால் 5903. பர்கூர், ஓசூர் பக்கம் துணியையும் பையையும் ஒரே கன்டெய்னரில் சேர்த்து அனுப்புபவர்கள் இன்வாய்ஸில் ஒரே வரியாகப் போடக் கூடாது.

நிலைமின்சாரம் சேராமல் இருக்க மின்சாரம் கடத்தும் கரி நூல் சேர்த்து நெய்த டைப் சி பை, அதே வேலைக்கான டைப் டி பை எல்லாம் ஐஇசி 61340-4-4 தரப்படி பிரிக்கப்படுபவை. விலையில் பெரிய வித்தியாசம் உண்டு, சுங்கக் கோட்டில் இல்லை. ஆபத்தான சரக்குக்கான 13எச்1, 13எச்2, 13எச்3, 13எச்4 என்ற ஐநா குறியீடுகளையும் சிலர் சுங்கக் கோடு என்று நினைத்துக்கொள்கிறார்கள். இவை போக்குவரத்துக் குறியீடுகள். ஆனால் நமக்கு ஒரு துப்புத் தருகின்றன: 13எச்1 என்றால் பூச்சும் இல்லை, லைனரும் இல்லை. 13எச்2 என்றால் பூச்சு உண்டு. 13எச்3 லைனர் மட்டும், 13எச்4 இரண்டும்.

ஐந்தாம் படி: நம் ஊர் ஜிஎஸ்டி முடிச்சு

இதுவரை சொன்னதைப் படித்துவிட்டு, "அப்புறம் ஏன் எங்கள் சப்ளையர் 3923 போடுகிறார்?" என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1990-இல் ராஜ் பேக்வெல் வழக்கில் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம், எச்டிபிஇ (அடர்த்தி கூடிய பாலிஎத்திலீன்) டேப்பும் அதில் நெய்த சாக்கும் ஜவுளி அல்ல, 39-ஆம் அத்தியாயத்துப் பிளாஸ்டிக்தான் என்று தீர்ப்பளித்தது. கலால் வரிக் காலம் அது. நாட்டின் நெசவுச் சாக்குத் தொழில் அப்படியே 3923-க்குப் பழகிவிட்டது. ஜிஎஸ்டி வந்த பிறகும் குழப்பம் தொடர்ந்தது. 2018 டிசம்பர் 31 தேதியிட்ட 80/54/2018 சுற்றறிக்கையில், பிபி நெசவுப் பைகளும் நெசவில்லாத பைகளும் பிஓபிபி (ஒரு வகை பிபி ஃபிலிம்) லேமினேட் செய்தவையும் 3923-இல் வரும், வரி 18 சதவீதம் என்று மறைமுக வரி வாரியம் விளக்கியது. லேமினேட் செய்யாத நெசவுப் பை அதன் மூலப்பொருளுக்கு ஏற்ப வகைப்படும் என்று ஒரு வரியும் அதே சுற்றறிக்கையில் இருக்கிறது. முன்னே சொன்னதும் இதுவும் எப்படிப் பொருந்துகின்றன என்பதை வழக்கறிஞர்கள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பிறகு 2020 ஜனவரி 1 முதல், 3923 ஆனாலும் 6305 ஆனாலும், லேமினேட் செய்தாலும் செய்யாவிட்டாலும், பிஇ, பிபி டேப்பில் ஆன பேக்கிங் பைகளுக்கு ஒரே 18 சதவீதம் என்று ஆக்கினார்கள். உள்ளூரில் வரிச் சண்டை ஓய்ந்தது. எந்தத் தலைப்பைப் போட்டாலும் ஒரே வரி. அதனால்தான் பழைய 3923 பழக்கம் அப்படியே நிற்கிறது, யாரும் மாற்ற மெனக்கெடவில்லை.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். உள்ளூர் பில்லில் இருக்கும் 3923-ஐ ஷிப்பிங் பில்லுக்கு ஏற்றுவது சோம்பேறித்தனம். இந்தியச் சுங்க அட்டவணையிலேயே ஜம்போ பைக்கு 6305 32 00 என்று பெயர் சொல்லி ஒரு வரி இருக்கிறது. அந்தச் சுற்றறிக்கை ஜம்போ பையைப் பெயர் சொல்லிப் பேசவில்லை. உலகத்துக்கு ஜம்போ பை அனுப்பும் முன்னணி நாடுகளில் ஒன்று நாம், அந்த ஏற்றுமதியின் பெரும்பகுதி போவது 6305 32 00-இல்தான். ஒரு பக்கப் பூச்சுப் பைக்கு அதையே போடுங்கள். உள்ளே வந்த பில்லில் 3923-உம் வெளியே போகும் பில்லில் 6305-உம் இருப்பதால் ரீஃபண்ட் நேரத்தில் கேள்வி வந்தால், மேலே சொன்ன துணித் துண்டையும் டேப் அகலக் கடிதத்தையும் காட்டுங்கள். முடிந்தால் சப்ளையரிடமும் பேசி இரண்டையும் ஒன்றாக்கிவிடுங்கள்.

ஏற்றுமதிச் சலுகையும் அத்தியாயத்தைப் பொறுத்தே. 63-ஆம் அத்தியாயத்து ஜவுளித் தயாரிப்புகளுக்கு ரோஎஸ்சிடிஎல், 39-க்கு ரோடெப். இரண்டுமே ஏற்றுமதிப் பொருளில் அடங்கிய வரிகளைத் திருப்பித் தரும் திட்டங்கள். எந்தச் சலுகை அதிகமோ அந்தக் கோட்டைத் தேடிப் போகிறவர்களைச் சுங்கத்துறை நன்றாகவே அறியும். பையைப் பார்த்துத்தான் கோடு, சலுகையைப் பார்த்து அல்ல.

ஆறாம் படி: போய்ச் சேரும் நாட்டில் என்ன?

முதல் ஆறு இலக்கம் உலகத்துக்குப் பொது. அதற்குப் பிறகு அந்தந்த நாட்டின் இஷ்டம். வரியும் அப்படியே.

அமெரிக்காவில் 6305.32-க்கு அடிப்படை வரி 8.4 சதவீதம். 3923.29-க்கு 3 சதவீதம். இதன்மேல் ஏறும் கூடுதல் வரிகள் தனி, அவை மாறிக்கொண்டே இருப்பவை, கப்பல் ஏற்றும் வாரம் வாங்குபவரின் புரோக்கரிடம் கேட்பதே நல்லது. இந்த அடிப்படை வித்தியாசம் தெரிந்தால் அந்த மெயிலின் அர்த்தம் புரியும். "இரண்டு பக்கப் பூச்சு என்று எழுதித் தர முடியுமா?" என்று வாங்குபவர் கேட்பது துணியின்மேல் உள்ள அக்கறையில் அல்ல. உண்மையிலேயே இரண்டு பக்கமும் பூசிய பை என்றால் தாராளமாக எழுதிக் கொடுங்கள். இல்லாததை எழுதினால் அங்கே பையை வெட்டிப் பார்க்கும்போது முதலில் மாட்டுவது உங்கள் வாங்குபவர். அடுத்த மெயில் உங்களுக்குத்தான்.

அமெரிக்கா 6305.32-ஐ இன்னும் பிரிக்கிறது: தனிப் பை ஒரு கிலோவும் அதற்கு மேலும் எடை உள்ளதா, குறைவா என்று. ஆகவே பேக்கிங் லிஸ்டில் மொத்த எடை மட்டும் போதாது. ஒரு பையின் எடையும் இருக்கட்டும்.

அதோடு மூல நாட்டு விதி. அமெரிக்க ஜவுளி விதிப்படி 6305 பைக்கு மூல நாடு என்பது துணி நெய்த நாடு, தைத்த நாடு அல்ல. வெளிநாட்டுத் துணி ரோல் வாங்கி ஓசூரில் வெட்டித் தைத்து 'இந்தியத் தயாரிப்பு' என்று லேபிள் ஒட்டினால் அங்கே செல்லாது. விலை குறைவு என்று துணி இறக்குமதி செய்ய நினைப்பவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

ஐரோப்பிய யூனியனில் டேப் நெசவு ஜம்போ பை 6305 32 19, வரி 7.2 சதவீதம். பின்னல் என்றால் 6305 32 11, வரி 12 சதவீதம். 3923 29-க்கு 6.5. நெசவுப் பைக்கு அங்கே பிளாஸ்டிக்கா ஜவுளியா என்பதால் பெரிய லாபமோ நஷ்டமோ இல்லை. நெசவா பின்னலா என்பதுதான் பணம்.

ஐக்கிய அரபு அமீரகம் (2022 மே 1 முதல்), ஆஸ்திரேலியா (2022 டிசம்பர் 29 முதல்) போன்ற நாடுகளோடு நமக்கு வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறது. அங்கே சலுகை வரி வாங்க மூலச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழில் எழுதும் ஆறு இலக்கத்துக்கு என்ன மூல விதியோ அதைத்தான் நிறைவேற்ற வேண்டும். சான்றிதழில் ஒரு கோடு, இன்வாய்ஸில் இன்னொரு கோடு என்றால் சலுகை போச்சு.

ஏழாம் படி: தாளில் எப்படி எழுதுவது?

'பிபி பேக்ஸ்' என்று இரண்டே சொல்லில் இன்வாய்ஸ் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். சாக்கும் பிபி பைதான், ஷாப்பிங் பையும் பிபி பைதான், ஜம்போவும் பிபி பைதான். சென்னைத் துறைமுகத்திலோ பெங்களூரு வைட்ஃபீல்டு கன்டெய்னர் டிப்போவிலோ இருக்கும் அதிகாரி உங்கள் பையைத் தொட்டுப் பார்த்தது இல்லை. அவருக்குத் தெரிவது நீங்கள் எழுதிய வரி மட்டும்தான்.

விவரிப்பில் இவ்வளவாவது இருக்கட்டும்: நெகிழ்வான இடைநிலைப் பெருங்கொள்கலன் என்ற முழுப் பெயர், மூலப்பொருள், டேப்பில் நெய்தது, டேப்பின் தோற்ற அகலம் 5 மி.மீ.க்கு மிகாது, பூச்சு எந்தப் பக்கம் (அல்லது இல்லை), லைனர் உண்டா, பாதுகாப்பான சுமை எத்தனை கிலோ, அளவு, புதியது. எண்ணிக்கையும் எடையும் இரண்டுமே. எல்லாம் சேர்ந்தால் மூன்று வரிதான் வரும். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், மூலச் சான்றிதழ் நான்கிலும் எழுத்துக்கு எழுத்து அதே வரி.

பழைய பைகளைச் சுத்தம் செய்து விற்பவர்கள் கவனிக்க: இன்னும் பயன்படும் நிலையில் உள்ள பழைய ஜம்போ பை கந்தல் ஆகிவிடாது, 6305-தான். கிழிந்து மூலப்பொருளாக மட்டும் உதவும் நிலை வேறு.

சந்தேகம் தீரவில்லை என்றால்

2011 முதல் இந்தியச் சுங்கத்தில் சுயமதிப்பீடு. கோடு போடுவது உங்கள் பொறுப்பு. ஏஜென்ட் போட்டார் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இறக்குமதியில் தவறான கோட்டால் வரி குறைந்தால் சுங்கச் சட்டம் 28-ஆம் பிரிவுப்படி இரண்டு வருஷம் வரை நோட்டீஸ் வரலாம். வேண்டுமென்றே மறைத்தது என்றால் ஐந்து வருஷம். ஷிப்பிங் பில் போட்ட பிறகு தவறு தெரிந்தால் 149-ஆம் பிரிவில் திருத்தம் கேட்கலாம். ஏற்றுமதி நடந்தபோது இருந்த ஆவணத்தைக் காட்டித்தான் அப்போது திருத்த முடியும். பின்னால் தயாரித்த கடிதம் உதவாது. துணித் துண்டை ஃபைலில் வைக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

பெரிய, தொடர் ஆர்டர் என்றால் முன்கூட்டியே தீர்ப்பு வாங்கிவிடலாம். டெல்லியிலும் மும்பையிலும் சுங்க முன்தீர்ப்பு ஆணையங்கள் 2021 முதல் இயங்குகின்றன. மாதிரிப் பையும் ஸ்பெக்கும் வைத்து விண்ணப்பித்தால் மூன்று மாதத்துக்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். சட்டம் குறித்த காலம் வரை அது செல்லும், நடுவில் சட்டமோ உண்மை நிலையோ மாறாத வரை. உங்களையும் உங்கள் சுங்க அதிகாரியையும் கட்டுப்படுத்தும். அமெரிக்காவையோ ஐரோப்பாவையோ கட்டுப்படுத்தாது. அங்கே வாங்குபவர்தான் கேட்க வேண்டும். ஐரோப்பாவில் அவர் வாங்கும் வகைப்பாட்டுத் தீர்ப்புக்கு மூன்று வருஷ ஆயுள். அமெரிக்கச் சுங்கத்தின் பழைய தீர்ப்புகள் கிராஸ் என்ற தளத்தில் காசில்லாமல் தேடக் கிடைக்கின்றன. உங்கள் பையைப் போன்ற பூச்சுள்ள பை பற்றிய தீர்ப்பு ஒன்றைக் கண்டுபிடித்து, அதன் எண்ணை விலைப்புள்ளியோடு அனுப்பிவிடுங்கள். வாங்குபவரின் புரோக்கரோடு நடக்கும் மெயில் சண்டை பாதியாகக் குறையும்.